ஆறு முதல் இருபது வரை

யெசெனிட்சே மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஜன்னலில் இரும்பாலையின் புகை,
அதற்கும் மேலே மார்ச் மாதப் பனி.
எங்கும் போகாத சைக்கிளில் வோய்கோ.
அறுபத்து மூன்று வயது.
பொக்லியூக்கா மலைச்சாலையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.

மார்பில் பத்து ஒயர்.
கையில் நான் சுற்றிய பட்டை.
மிதிக்கிறவர் கையில் சத்தம் தேட
மெஷினுக்குப் பொறுமை கிடையாது.
முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தி
நான்தான் காத்திருக்க வேண்டும்,
முதல் தட்டு கேட்கும்வரை.

போன அக்டோபரில்
இதே சைக்கிள், இதே நூறு வாட்.
இருநூற்று முப்பத்திரண்டில் கேட்டது அந்தத் தட்டு.
நான் டாக்டரைப் பார்த்தேன்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்றார் வோய்கோ,
வியர்வை சொட்டச் சொட்ட,
பையன் மாதிரிச் சிரித்துக்கொண்டு.
வீட்டுக்காரர் தூங்கும்போது
கூரையேறும் திருடன்
காலடியையா கேட்கவிடுவான்?

அன்றைக்கு எழுதிய மாத்திரை
இதய வடிவத்தில் இருக்கும்.
செய்தவர்களில் யாருக்கோ குறும்பு.
காலையில் ஒன்று, தண்ணீரோடு.

இன்று சிரிப்பில்லை.
'கால் என்னுடையதாக இல்லை' என்கிறார்.
'மலையேற்றத்தில் என் நாய் நின்று திரும்பிப் பார்க்கிறது.
அதற்குப் பன்னிரண்டு வயது.
இந்தக் கடிகாரம் வேறு,
இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கத்துகிறது.'

எழுபத்தைந்து வாட்.
நூறு.
சுவரில் ஒரு அட்டை, ஆறு முதல் இருபது வரை.
எவ்வளவு கஷ்டம், எண்ணைச் சொல்லுங்கள்.
'பதினைந்து.'

பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்பு வரும்,
சுமாராக.
பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு.
திரையில் நூற்று இரண்டு.
மனிதர் பொய் சொல்லவில்லை,
திரையும் பொய் சொல்லவில்லை.
நடுவில் மாத்திரை உட்கார்ந்திருக்கிறது.

பட்டையைத் தளர்த்துகிறேன்.
இருநூற்று முப்பது, ஒன்றுமில்லை.
இருநூற்றுப் பத்து.
இருநூறு.
எனக்கே பயம், காது அடைத்துவிட்டதோ.
நூற்று எழுபத்தாறில்
டக்.

சொன்னேன்.
அவர் கேட்டமாதிரித் தெரியவில்லை.

பிறகு சுமையில்லாமல் மிதிக்கும் நிமிடங்கள்.
சட்டென்று நிறுத்தக் கூடாது, தலை சுற்றும்.
அப்போதுதான் பேசினார்,
என்னிடம் அல்ல, ஹாண்டில்பாரிடம்.

இருபத்திரண்டு வயதில்
பனிச்சறுக்கில் ஏறிவந்து
துப்பாக்கியோடு குப்புற விழுவார்களாம்.
ஐம்பது மீட்டரில் ஐந்து கறுப்பு வட்டம்.
நெஞ்சு நூற்று எழுபதில் குதிக்க
குழல் முனையும் கூடவே குதிக்கும்.
மூச்சை விட்டு,
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில்
ஊசி நுழையும் இடம் தேடி
விரலை மடக்க வேண்டும்.
அணிப் போட்டியில் கடைசி வட்டம் மட்டும்
அவருக்கு விழவில்லை.
தண்டனைச் சுற்று ஓடி முடிப்பதற்குள்
மூன்று பேர் கடந்து போனார்கள்.

'இப்போது பாருங்கள்' என்றார்.
திரையில் மலை, பிறகு சமவெளி,
சமவெளி, சமவெளி,
பிறகுதான் அடுத்த மலை.
'இவ்வளவு இடம்! ஒரு வண்டியையே திருப்பலாம்.'

அன்றைக்கே இந்த மாத்திரை இருந்திருந்தால் என்றேன்,
நினைக்காமல்.
'சுட்டிருப்பேன். ஐந்தும் விழுந்திருக்கும்.
சுடும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.'

டாக்டர் இரேனா உள்ளே வந்து
தாளைப் பார்த்து, நல்லது என்றார்.
நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஒரே நாளில் கூடவே கூடாது.
அளவை யோசிக்கலாம்,
வேறு வகையும் இருக்கிறது, ஏப்ரலில் வாருங்கள்.
நடக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்,
பேச முடிகிறதா என்று பாருங்கள்.
'யாரோடு?' என்றார் வோய்கோ.
டாக்டர் யோசித்துவிட்டு,
'நாயோடு' என்றார்.

ஒயர்களைப் பிடுங்கும்போது
நரைமுடியும் சேர்ந்து வந்தது.
மன்னிப்புக் கேட்டேன்.

லிஃப்ட் இருக்கிறது என்றேன்.
படியில்தான் இறங்கினார்.
எதையோ மறந்தவர்போல நின்று
திரும்ப ஏறினார், வேண்டுமென்றே.
கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பட்டையும் ஸ்டெதாஸ்கோப்பும் கையிலேயே இருக்க.
எட்டு. ஒன்பது. பத்து.
பூட்ஸ் சத்தம் நின்றது.

கடிகாரம் கத்தியது.

அவர் அவசரப்படவில்லை.
பதினொன்று.